பருந்தின் முதுகில் ஏறிய குருவி

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செம்மணல் மேடான தேரிக்காட்டின் ஓரத்தில், குளத்தை ஒட்டிய ஒரு பாறைக் குகையில் பருந்து கரிக்கொட்டகை நடத்திவந்தது.

அது அடுப்புக்கரி அல்ல. புன்னை எண்ணெயில் திரி எரித்து, மேலே மண்சட்டியைக் கவிழ்த்தால் சட்டிக்குள் ஒரு கறுப்பு படியும். மாவைவிட நைசாக இருக்கும். அலகில் எடுத்தால் எடையே தெரியாது. அதில் ஒரு சிட்டிகையை வேப்பம் பிசினில் குழைத்துப் பூசினால், கூடு இறகுபோல இலேசாகவும் இரும்புபோல உறுதியாகவும் ஆகிவிடும். முன்பெல்லாம் ஐப்பசிக் காற்றில் முட்டையோடு கூடு போகும். கரி வந்த பிறகு போகவில்லை. நல்ல பொருள்தான். அதை நான் மறுக்கமாட்டேன்.

சட்டியைச் சுரண்டும் வேலை சின்னப் பறவைகளுக்கு. சட்டிக்குள் தலை நுழையவேண்டும். பருந்தின் தலை நுழையாது என்று அதுவே சொல்லிக்கொண்டது, நுழைத்துப் பார்த்ததில்லை. மேஸ்திரி வேலை காகத்துக்கு. அதன்மேல் எவ்வளவு கரி படிந்தாலும் வெளியே தெரியாது. அதற்காகவே அதை மேஸ்திரி ஆக்கினார்கள் என்று பேச்சு.

அங்கே புன்னைக்காய் சுமந்தவன் வெளிச்சான் குருவி. வெளுத்த சாம்பல் நிறம், பிளவில்லாத நீள வால். அவன் பெண்டாட்டி வெளிச்சி, மூன்று வருடமாக உள்ளே சட்டி சுரண்டினாள். விடிவதற்கு முன்னால் அந்தக் காட்டில் முதலில் கேட்கும் குரல் அவளுடையது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் மற்றவை கண் விழிக்கும்.

கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் சுரண்டியவர்கள் எல்லாரும் குளத்தில் குளிக்கவேண்டும். காகம் கரையில் நின்று ஒவ்வொரு இறகாகப் புரட்டிப் பார்க்கும். கறுப்பு இருந்தால் மறுபடியும் முங்கவேண்டும். சுத்தமாக இருந்தால் கூட்டுக்குப் போகலாம். கழுவினால் போய்விட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். வெளிச்சானும் நம்பினான்.

ஒரு சாயங்காலம் வெளிச்சி குளித்து, காகத்திடம் காட்டிவிட்டுக் கிளைக்கு வந்தாள். இருமினாள். இலையில் துப்பினாள். கறுப்பாக இருந்தது.

"என்ன இது?" என்றான் வெளிச்சான்.

"சளி."

"சளி கறுப்பாவா இருக்கும்?"

"எல்லாருக்கும் அப்படித்தான் வருது. தவிட்டுக்குருவிக்கு இதைவிட மோசம். பேசாமத் தூங்குங்க."

மறுநாள் விடியுமுன் அவள் அலகைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. அன்றைக்குக் காடு தாமதமாக எழுந்தது.

வெளிச்சான் அன்று முதல்முறையாகக் கொட்டகைக்குள் போனான். பாறை வெடிப்பு வழியாக ஒரு கீற்று வெயில் விழுந்தது. அந்தக் கீற்று முழுவதும் கரி மிதந்தது. வெயில் இல்லாத இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சட்டியைத் தட்டும்போதெல்லாம் எழுந்தது; தலையை உள்ளே விட்டவர்கள் அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

நேரே பருந்திடம் போனான். அது பனைமட்டையில் உட்கார்ந்து மீன் கிழித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் காகம்.

"மொதலாளி, காய்ஞ்ச சட்டியை அப்படியே சுரண்டக்கூடாது. தண்ணி தெளிச்சு நனைச்சுச் சுரண்டணும். என் வீட்டுக்காரி நெஞ்சுக்குள்ள கரி போயிட்டு."

"கரிதானடே," என்றது பருந்து. அதற்கு அப்போது இடிபோல ஒரு குரல். "வயித்துவலின்னா எங்க ஆத்தா குடுத்த கரி. நான் தின்னு வளர்ந்தவன்."

"நீங்க தின்னது கட்டி. இது அதே கரிதான், ஆனா எங்கயும் நுழையுற அளவுக்குப் பொடிஞ்சு கெடக்கு. தொண்டையில நிக்கல, உள்ள எறங்குது."

"நனைச்சா காயப் பத்து நாளாகும். கரி வாங்குற பூநாரைங்க நாளைக்கு வாராங்க. மழை வாசல்ல நிக்கி. போய்க் காய் சுமடே."

காகம் குறுக்கே வந்தது. "ஏலே, நேத்து அவ இறகை நான்தான் பார்த்தேன். பாலு மாதிரி இருந்துச்சு."

"இறகு வழியாவா அண்ணாச்சி அவ மூச்சு விடுறா?"

காகம் மீனைப் பார்க்கத் திரும்பிவிட்டது.

மறுநாள் கடல் தாண்டிப் பூநாரைகள் வந்து இறங்கின. கொட்டகை வாசலில் அவற்றுக்காகக் கரியைக் குவித்துவைத்திருந்தார்கள். பருந்து கரி பூசிய கூட்டைப் பாறையில் அடித்துக் காட்டியது, கூடு உடையவில்லை. கிழட்டுப் பூநாரை ஒன்று கேட்டது: "செய்யுறவங்களுக்கு இதுல தொந்தரவு உண்டா?"

"ஒண்ணும் கிடையாது. என் பிள்ளைங்க மாதிரி வச்சிருக்கேன்," என்றது பருந்து.

"அப்ப உள்ள வாங்க மொதலாளி," என்றான் வெளிச்சான். "ஒரே ஒரு சட்டி சுரண்டுற நேரம் நின்னுட்டுப் போங்க."

"எனக்கு வாசல்ல சோலி கெடக்கு."

"மூணு வருசமா வாசல்லதான் சோலி."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வந்த பக்கம் பருந்து பார்த்தது, சிரிப்பு நின்றது. வெளிச்சி அவனருகே வந்து, "வேண்டாங்க, வேலை போயிரும்," என்றாள். பக்கத்தில் இருந்தவனுக்கே அது பாதிதான் கேட்டது.

அந்தப் பாதிக் குரல்தான் அவனைக் கிளப்பியது. வெளிச்சான் கரிக்குவியலுக்குள் தலைகீழாகப் பாய்ந்தான். இறகின் அடிவரைக்கும் கரியை வாரிக்கொண்டு எழுந்தபோது அவனில் சிவந்த கண் மட்டும்தான் தெரிந்தது. ஒரே தாவில் பருந்தின் முதுகில் ஏறினான். இரண்டு இறக்கைக்கும் நடுவே, அதன் அலகு எட்டாத இடம். அங்கே நின்றுகொண்டு சிறகை அடித்தான்.

கரி பருந்தின் முகத்தைச் சுற்றி மேகம் மாதிரி எழுந்தது. பருந்து கத்த வாயைத் திறந்தது. கரி உள்ளே போனது. பருந்து மேலே பறந்தது. அவன் விடவில்லை. குட்டிக்கரணம் அடித்து அவன் வாலைக் கவ்வி இழுத்தது. நடு இறகுகள் பிய்ந்து குளத்தில் விழுந்தன. அப்போதும் விடவில்லை.

"நனைச்சுச் சுரண்டச் சொல்லு," என்று ஒரு கொத்து. "சொல்லு," என்று இன்னொரு கொத்து. மொதலாளி என்ற சொல் அவன் வாயில் அப்புறம் வரவேயில்லை.

கீழே சுரண்டும் பறவைகள் ஒவ்வொன்றாகச் சட்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றன. காகம் ஒன்றையும் உள்ளே அனுப்பவில்லை. அனுப்ப முடியாது என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

பருந்து மூன்று சுற்று சுற்றியது. இருமி இருமி, கடைசியில், "நனைங்க," என்றது. இடிக்குரல் போய்விட்டது. மெலிந்து நடுங்கி, இழுத்து இழுத்து வந்தது. இன்றைக்கும் உச்சி வெயிலில் அது அப்படித்தான் அழுகிறது.

பூநாரைகள், "பத்து நாள் கழிச்சே வாரோம்," என்று கிளம்பின. அன்று மத்தியானமே சட்டிகளில் தண்ணீர் தெளித்தார்கள்.

வெளிச்சான் மூன்று நாள் குளித்தான். கரி இறகின் எண்ணெயோடு சேர்ந்து ஊறிவிட்டது. காகம் பழைய வழக்கப்படி புரட்டிப் பார்த்து, "போகலடே," என்றது.

"போகவேண்டாம். நீ பார்த்துக்கிட்டே இரு."

வெளிச்சி வந்து அவன்மேல் உடம்பைத் தேய்த்துத் தானும் கறுப்பானாள். "ஒருத்தர் மட்டும் கறுத்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். அவள் குரல் முழுதாகத் திரும்பவில்லை. ஒரு சத்தம் இனிமையாகவும் அடுத்தது கரகரப்பாகவும் வந்தது. அவர்கள் குஞ்சுகளும் அதே நிறத்தில், அதே பிளந்த வாலோடு, அதே குரலோடு பொரிந்தன. வெளிச்சான் என்ற பெயர் போய், கரிச்சான் என்ற பெயர் நின்றது.

திருடித் தின்றதற்குச் சாமி கொடுத்த சாபம் அந்தக் கறுப்பு என்று சிலர் சொல்வார்கள். அது பருந்து வீட்டுக் கதை. பருந்துக்குக் கதை சொல்ல எப்போதும் ஆள் கிடைக்கும்.

அன்றைக்குப் பிடித்த சண்டைதான் இது: பருந்து எவ்வளவு பெரிதானாலும், எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், கையளவுக் கரிச்சான் அதற்கும் மேலே ஏறி முதுகில் கொத்திக்கொண்டே போகிறது, சின்னப் பறவைகளும் கரிச்சான் இருக்கிற மரமாகப் பார்த்துத்தான் கூடு கட்டுகின்றன.