அரை சென்டி

கித்தேரியான் சிஷ்யனா சேந்தப்ப அவருக்கு வயசு அம்பத்தாறு. குருவுக்கு நாப்பத்தொண்ணு.

குரு பேரு செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரங்க. மீன் ஆராய்ச்சிக்காகச் சங்குத்துறைக்கு வந்தவங்க. போட்டுல ஏறுனா பத்தாவது நிமிசம் வாந்தி எடுப்பாங்க. கித்தேரியான் முப்பது வருசம் சுக்கான் பிடிச்சவரு. முட்டி தேஞ்சு கரையில சும்மா உக்காந்திருந்தவரு கையில, அந்தம்மாதான் ஒரு அளவுப் பலகையும் பென்சிலும் குடுத்தாங்க.

"வாங்க அண்ணாச்சி, மீன் அளக்கலாம்."

"பிடிக்கத் தெரிஞ்சவனுக்கு அளக்கத் தெரியாதாக்கும்?"

தெரியல. கத்துக்க ஒரு வாரம் ஆச்சு.

மூக்கு பலகை முனைக்கட்டையில முட்டணும். வாய் மூடியிருக்கணும். வாலு கிடந்தபடி கிடக்கணும். ஒரு போட்டுக்கு அம்பது அயிலை மீனு அளக்கணும். அவ்வளவுதான் பாடம். அன்னையிலருந்து செண்பகவல்லி அவருக்கு டீச்சரம்மா.

அளவு எதுக்குன்னும் டீச்சரம்மா சொல்லியிருந்தாங்க. பத்தொன்பது சென்டி வளந்த அயிலைதான் பெரும்பாலும் சினை பிடிக்கும். அதுக்குக் குறைஞ்ச மீனே நிறைய வந்தா, சின்னக் கண்ணி வலைக்கு அடுத்த வருசம் தடை வரும். ஊர்ல பாதிப் பேர்கிட்ட அந்த வலைதான். கித்தேரியான் மருமகன் ரெக்சன்கிட்டயும் அதுதான்.

"மாமா, நீரு அளக்கப் போயி எங்க வலையவா நிறுத்துவீரு?"ன்னு ரெக்சன் கேட்டான். "அரை சென்டிதானே. கடலா குறைஞ்சிரப் போவுது?"

அயிலை வாலு கவுட்டை மாதிரி ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். ரெண்டு நுனியையும் சேத்துக் கிள்ளிப் பிடிச்சா மீனு அரை சென்டி நீளும். செத்த மீனுக்கு வலிக்காது. பலகையும் வாயைத் திறக்காது.

மூணு வாரமா கித்தேரியான் கிள்ளுனாரு. பதினெட்டரையெல்லாம் பத்தொன்பது ஆச்சு. ஊர்ல மரியாதை கூடுச்சு. டீக்கடையில கேக்காமலே வடை வந்துச்சு. அதை அவரு காக்காய்க்குப் பிச்சுப் போட்டாரு.

அன்னைக்குக் காலையில ரெக்சன் போட்டு மீனை அளந்துக்கிட்டு இருந்தாரு. டீச்சரம்மா பக்கத்துல வந்து குத்தவச்சு உக்காந்தாங்க. அவரு விரலைப் பாத்தாங்க. அடுத்த மீனை எடுத்து நீட்டுனாங்க.

கித்தேரியான் வாங்கல.

"டீச்சரம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"அளக்கவன் யாரு பக்கம்? ஊரு பக்கமா, பலகை பக்கமா?"

அந்தம்மா மீனைக் கையிலயே வச்சுக்கிட்டுக் கேட்டாங்க.

"உங்களை ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கும்போது வயசு எப்படிப் பாத்தாங்க?"

கித்தேரியானுக்குச் சிரிப்பு வந்துருச்சு. வலது கையைத் தலைக்கு மேல வளைச்சு இடது காதைத் தொட்டுக் காமிச்சாரு.

"எல்லாருக்கும் இப்படித்தானே. காது எட்டுனா அஞ்சு வயசு."

"உங்களுக்கு எட்டுச்சா?"

"எங்க எட்டும்? நாலுதான் முடிஞ்சிருந்துச்சு. எங்கம்மா பின்னாடி நின்னு என் மண்டையைச் சாச்சு ஒரு அமுக்கு அமுக்குச்சு. வாத்தியாரு அந்தப் பக்கம் திரும்புன நேரம். எட்டிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஒண்ணாங்கிளாஸ் பூரா தூக்கம். பெஞ்சு நனைஞ்சா வெளிய நிக்க வைப்பாங்க. மத்தவன் எழுதும்போது எனக்குச் சிலேட்டுக் குச்சி பிடிக்க வராது. மக்குன்னு பேரு வந்துச்சு. அஞ்சாவதோட கடலுக்குப் போயிட்டேன்."

"அம்மா ஏன் அமுக்குனாங்க?"

"கருவாட்டுக் களத்துக்கு வேலைக்குப் போகணும்லா. பள்ளிக்கூடத்துல மத்தியானம் சோறு போடுவாங்க. புள்ள பட்டினி கிடக்கக் கூடாதுன்னுதான்." அவரு குரலு இறங்கிருச்சு. "வேற என்ன. பாசந்தான்."

"பாசந்தான்"னாங்க டீச்சரம்மாவும்.

அப்புறம் கையில இருந்த அயிலையைக் கத்திரியால வயித்தோட நறுக்கி, அவரு உள்ளங்கையில வச்சாங்க. கித்தேரியான் பெருவிரலால விலக்கிப் பாத்தாரு. சினை இல்ல. சினை வரவேண்டிய இடத்துல நூலு மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. லட்சம் மீனு பாத்த கை. அதுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

"பச்சப்புள்ள"ன்னாரு.

பலகையைக் கழுவுனாரு. அடுத்த மீனை வச்சாரு. மூக்கு முட்டுச்சு. வாலைக் கிடந்தபடி விட்டாரு. பதினெட்டரை. எழுதுனாரு. அடுத்தது பதினெட்டு. அதையும் எழுதுனாரு. அன்னைக்கு அதுவரை கிள்ளி அளந்ததையும் சேத்து, அம்பதையும் முதல்ல இருந்து அளந்தாரு. போட்டுல நின்ன பயலுக ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கிட்டானுக. ரெக்சன் கயித்தைச் சுருட்டுறதை நிறுத்திட்டு இங்கயே பாத்துக்கிட்டு நின்னான்.

"மூணு வாரமாக் கிள்ளியிருக்கேன் டீச்சரம்மா. அந்தத் தாளெல்லாம் என்ன செய்ய? கிழிச்சுப் போட்டுரட்டா?"

"கிழிக்காதீங்க. மேல 'அளந்தவர் வாலைக் கிள்ளினார்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுவும் தகவல்தான்."

"என்னை வேலையை விட்டு நிறுத்திருவீங்களா?"

"வாயத் திறந்து ஒத்துக்கிட்ட ஆளை நிறுத்திட்டு, நான் வேற ஆளுக்கு எங்க போவேன்?"

கித்தேரியான் மூக்கை உறிஞ்சிக்கிட்டாரு. மூணு வாரத் தாளையும் எடுத்து ஒவ்வொண்ணுலயும் எழுதுனாரு. குச்சி பிடிக்க வராத கைங்கிறதால நேரம் ஆச்சு. டீச்சரம்மா அவசரப்படுத்தல. மீனு மேல துண்டைப் போட்டு வெயிலுக்கு மறைச்சாங்க.

கடைசித் தாளுல கையெழுத்துப் போட்டுட்டு, அவரு போட்டுப் பக்கம் கண்ணைக் காட்டுனாரு.

"எல்லாம் சரி. அந்தா நிக்கானே எம் மருமகன், அவன்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

"அவருக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ஒரு பய. மூணரை ஆவுது."

"பள்ளிக்கூடத்துல போட்டாச்சா?"

"எங்க! எம் மவ போடணும்னுதான் நிக்கா. இவன்தான் விட மாட்டேங்கான். 'என்ன அவசரம், இன்னும் ஒரு வருசம் வீட்டுல ஓடியாடி வளரட்டும்'னு சொல்லுதான்."

"அதையே சொல்லுங்க"ன்னாங்க டீச்சரம்மா.