அண்ணன் தலையெடுத்த கதை

முன்பு திண்டுக்கல்லில், இருதயராஜ் என்பவருடைய மேசைமேல் கிடந்த நீல ஃபைலுக்குள் ஒரு குடும்பம் குடியிருந்தது. பத்து அத்தியாயங்கள். சேர்ந்து நின்றால் ஒரு நாவல்.

முதல் அத்தியாயம் மூத்தவன். அவனுக்குப் பின்னால் வரிசையாகத் தம்பி தங்கைகள். ஒன்பதாவது பாதியில் நின்றிருந்தாள். அவளுக்குள்ளே செண்பகம் என்ற தாய், சிறையிலிருந்து வரும் மகனுக்காகச் சோற்றுத் தூக்குடன் பேருந்து நிலையத்தில் காத்திருந்தாள். மதுரை வண்டி வந்து நின்றது. ‘ஒருவன் இறங்கினான். அவன் முகத்தை’ என்பதோடு எழுத்து நின்றுபோனது.

கடைக்குட்டி வெறும் வெள்ளைத் தாள். தலையில் ‘பத்து’ என்று மட்டும் எழுதியிருந்தது. இறங்கியது மகனா, மகனைப் பற்றிய செய்தியோடு வந்த வேறொருவனா என்பதை அவள்தான் சொல்லியாக வேண்டும்.

எழுத்து அங்கே நின்றதற்குக் காரணம் ஒரு நாவல் பட்டறை. பதிப்பகத்தார் முதல் சில பக்கங்களைத்தான் படிப்பார்கள், அதற்குள் அவர்களை எழுந்து போகவிடாமல் பண்ண வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். சொன்னது பொய்யில்லை, அதுதான் வினையாகப் போனது. இருதயராஜ் வீட்டுக்கு வந்ததும் மூத்தவனை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு ஃபைலை மூடினார்.

தம்பி தங்கைகள் வருத்தப்படவில்லை. மூத்தவனைப் படிக்க வைத்துவிட்டு மற்றவர்கள் பொறுத்திருப்பது நம் வீடுகளில் நடப்பதுதானே. “அண்ணன் தலையெடுத்துட்டா நம்ம எல்லாரையும் கரையேத்திருவாரு” என்றாள் ஒன்பதாவது. கடைக்குட்டி அதை அப்படியே நம்பினாள்.

மூத்தவன் படித்தான். முதலில் அவன், செண்பகம் மகனுக்குச் சோறு வடிப்பதில்தான் தொடங்கினான். அழுகிற அம்மாக்கள் பழசு என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். செண்பகத்தை எடுத்துவிட்டு மழை வந்தது. மழை எல்லா நாவலிலும் பெய்கிறதே என்று இன்னொரு பட்டறையில் சலித்துக்கொண்டார்கள். மழை போய், விடுதி அறையில் ஒரு பிணம் வந்தது. ஒவ்வொரு முறையும் அவனுக்குப் புதுத் தாள், புது அச்சு. உள்ளே இருந்தவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காத்திருந்தார்கள். தாள்கள் பழுத்தன, குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்தது.

இரண்டாம் அத்தியாயத்துக்கு மட்டும் சந்தேகம் வந்தது. அண்ணன் முடிகிற இடமும் தான் தொடங்குகிற இடமும் இப்போது ஒட்டவே இல்லை என்றான். பெரிய இடத்துக்குப் போகிறவரைப் பற்றி இப்படியெல்லாம் பேசாதே என்று மற்றவர்கள் அவன் வாயை அடைத்தார்கள்.

கடைசியில் அண்ணன் தலையெடுத்தே விட்டான். முதல் அத்தியாயத்துக்கென்று நடந்த ஒரு போட்டியில் பரிசு வந்தது. சென்னைப் பதிப்பகம் ஒன்று, மீதியையும் அனுப்புங்கள் என்றது. முடிவைச் சீக்கிரம் எழுதித் தருவதாகச் சொல்லி, மூத்தவனை மற்றவர்களோடு சேர்த்துக் குத்தி, இருந்ததையெல்லாம் நகலெடுத்து அனுப்பினார் இருதயராஜ். ஃபைலுக்குள் கல்யாணக் களை. அட்டைப் படம் எப்படி இருக்கும் என்பது வரை பேசினார்கள்.

பதிப்பகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

“முதல் அத்தியாயம் பிரமாதம் சார். ரெண்டாவதுல இருந்து வேற யாரோ எழுதுன மாதிரி இருக்கு. ஒண்ணு செய்யலாம். முதல் அத்தியாயத்தை மட்டும் சிறுகதையா எடுத்துக்கிறோம். ஒரு தொகுப்பு வருது.”

இருதயராஜ் சரி என்றார். வேறு என்ன சொல்வார், பாவம். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றி, மூத்தவனைத் தனியாகப் பிரித்தார்.

“அண்ணே, எங்களப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? செண்பகம் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கிறா” என்றாள் ஒன்பதாவது.

மூத்தவன் நெற்றியைச் சுருக்கினான். “செண்பகமா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதேம்மா.”

அவன் நடிக்கவில்லை. அவள் இருந்த சுவடுகூட அவனிடம் இல்லை. அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? உறைக்குள் போனவன் திரும்பி வரவில்லை.

சில மாதம் ஃபைலை யாரும் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருதயராஜ் அதைத் திறந்து ஒன்பதாவதைக் கையில் எடுத்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ‘அவன் முகத்தை’ வரை படித்துவிட்டு அவர் நிமிர்ந்தார். பிறகு மறுபடியும் மேலே போய்ப் படித்துக்கொண்டு வந்தார். திரும்பவும் அதே இடத்தில் நின்றார்.

செண்பகத்துக்குப் பொறுக்கவில்லை. தூக்கைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “இறங்குனது யாருங்கய்யா?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. “எனக்குத் தெரிஞ்சுதாம்மா இருந்துச்சு” என்றார். “அப்பத் தெரிஞ்சிருந்துச்சு.”

ஒரு காலத்தில் அந்த முகத்தை நினைத்து, அலுவலகம் போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதவர் அவர். இப்போது எவ்வளவு யோசித்தும் அது வரவில்லை. ஒன்பதாவதை மடித்து ஃபைலின் அடியில் வைத்தார்.

பிறகு கடைக்குட்டியை எடுத்தார். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் அவளை வெளியே எடுத்தது இதுதான் முதல் தடவை. மேசைமேல் அவளைப் போட்டு, உள்ளங்கையால் நீவிவிட்டார். பேனாவைத் திறந்தார். அடியில் கிடந்த அக்காவிடம், “நான் சொல்லிடுறேன்க்கா, செண்பகத்தை இன்னும் கொஞ்சம் நிக்கச் சொல்லு” என்றாள் கடைக்குட்டி.

இருதயராஜ் ‘பத்து’ என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘ஒன்று’ என்று எழுதினார்.