நரி தைத்த கவசம்

ஓடைக்கரைக் காட்டுக்கு ஒரு சிறுத்தை வந்து சேர்ந்தது. செவந்தி என்ற புள்ளிமானின் போன வருஷத்துக் குட்டியை அதன் கண்ணெதிரிலேயே தூக்கிக்கொண்டு போனது. இந்த வருஷத்துக் குட்டி இன்னும் பால்குடிகூட மறக்கவில்லை. செவந்திக்குப் புல் தொண்டையில் இறங்கவில்லை.

அந்தக் காட்டில் யோசனை சொல்வதற்கென்றே ஒரு நரி இருந்தது. பெயர் வித்தகன். பெயரையும் அதுவே வைத்துக்கொண்டது. வேட்டையாடத் துப்பில்லை, பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

"புதிதாக யோசிப்பது என்றால் என்ன தெரியுமா? ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது" என்றது நரி. "ஆமை ஓட்டால் தப்பிக்கிறது. முள்ளம்பன்றி முள்ளால் தப்பிக்கிறது. இரண்டையும் சேர்த்து உன் குட்டிக்குக் கவசம் தைத்துவிட்டேன், பார்!"

செத்த ஆமையின் ஓடு. அதைச் சுற்றிலும் முள்ளம்பன்றி உதிர்த்த முட்கள். உச்சியில் ஒரு மயிலிறகு.

"மயிலிறகு எதற்கு?" என்று கேட்டது செவந்தி.

"பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா?"

குட்டிக்கு மாட்டிவிட்டார்கள். அது எழுந்தது, தள்ளாடியது, குப்புற விழுந்தது.

"மான் தப்பிப்பது ஓட்டத்தால்தானே, அண்ணே. இதை மாட்டினால் ஓட முடியவில்லையே."

"குறை உன் குட்டியிடம். என் கவசத்தில் இல்லை" என்றது நரி.

செவந்திக்கு ஆத்திரமாக வந்தது. குட்டியைக் கூட்டிக்கொண்டு நாவல் மரத்தடிக்குப் போய்விட்டது. அந்த மரத்தில் மந்திகள் தழையைப் பாதி தின்று பாதியைக் கீழே போடும். மான்கள் அதைப் பொறுக்கித் தின்னும். அதுவரை இருவருக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

செவந்தி மேலே பார்த்தது. "மந்தியக்கா, புதருக்கு அந்தப் பக்கம் சிறுத்தை வந்தால் மேலிருந்து உனக்குத் தெரியுமா?"

"நன்றாகத் தெரியும். ஆனால் அவன் புதருக்குள்ளேயே பதுங்கிவிட்டால் தெரியாது. தங்கச்சி மகனை அப்படித்தான் பறிகொடுத்தோம்."

"பதுங்கினால் எனக்கு மணக்கும். எதிர்க்காற்றில் வந்தால்தான் மணக்காது. நீ பார், நான் மோந்து சொல்கிறேன். யார் கத்தினாலும் எல்லோரும் ஓடுவோம்."

கவசத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்திருந்த நரி விழுந்து விழுந்து சிரித்தது. "ஒருத்தர் பார்ப்பாராம், ஒருத்தர் மோப்பாராம். இதில் என்ன புதுமை? என் வேலையைப் பாருங்கள்!" என்று கவசத்தைத் தானே மாட்டிக்கொண்டு மரத்தடியில் ஒய்யாரமாக நடந்து காட்டியது.

அப்போது மந்தி கத்தியது. சிறுத்தை எதிர்க்காற்றில் வந்துகொண்டிருந்தது. மான்கள் சிட்டாய்ப் பறந்தன, செவந்தியின் குட்டி எல்லோருக்கும் முன்னால். நரியும் ஓடப் பார்த்தது. ஓடு புரட்டிவிட, நான்கு காலும் வானம் பார்க்க மல்லாந்து கிடந்தது.

தலையையும் கால்களையும் ஆமைபோல உள்ளே இழுத்துக்கொண்டது. சிறுத்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. "இது என்ன ஜந்து? எங்கே கடிப்பது என்றே தெரியவில்லையே" என்று அலுத்துக்கொண்டது. கடைசியில், கவசத்துக்குள் அடங்காத வாலைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மந்தி இறங்கி வந்து நரியை நிமிர்த்தி வைத்தது. நரி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டது. கொஞ்ச நேரம் யோசித்தது.

"வாலுக்கும் ஒரு ஓடு சேர்த்திருக்க வேண்டும்" என்றது.

தன்னிடம் எது இல்லை என்று அறிந்து அதைத் தேடிச் சேர்ப்பதே புது யோசனை. கண்டதையெல்லாம் சேர்ப்பது வெறும் ஒட்டுவேலை.