உரக்கடை வாழை

களக்காட்டில் உரக்கடை வைத்திருந்த கோமதிநாயகத்துக்கு, வாங்க வருகிறவர்களிடம் நின்று பேசுவது பிடிக்காது. பெரிய வாழைத்தோட்டக்காரரான ஆறுமுகப்பெருமாள் ஒருநாள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "எனக்கே பாடமா?" என்று வெட்டிவிட்டார். பெருமாள் அன்றோடு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

வியாபாரம் படுத்தது. கோபம் கடை கூட்டுகிற முத்துப்பேச்சி மேல் பாய்ந்தது. அவள்தான் வருகிறவர்களிடமெல்லாம் நலம் விசாரிப்பவள்.

"வாயாடத் தெரியுதுல்லா? பெருமாளைக் கூட்டிட்டு வா. விலை குறைக்க மாட்டேன், மன்னிப்பும் கேக்க மாட்டேன். கடைக்கு வாங்கன்னு நீயும் கெஞ்சக் கூடாது. முடியலன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

முத்துப்பேச்சி நேரே தோட்டத்துக்குப் போனாள்.

"அண்ணாச்சி, நான் தண்ணி ஊத்துற வாழை ஒண்ணு இலை ஓரமெல்லாம் கருகி நிக்குது. உங்களை விட்டா யாரைக் கேப்பேன்?"

பெருமாள் உடனே பைக்கை எடுத்தார். வாழை நின்றதோ உரக்கடைக் கொல்லையில். வாசலில் தயங்கினார்; ஆனால் வாடுகிற வாழையைப் பார்க்காமல் திரும்ப அவருக்கு மனம் வரவில்லை.

அடிமண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, "உரம் வச்சது யாரு?" என்றார்.

"நான்தான்," என்றார் கோமதிநாயகம் பெருமையாக.

"அள்ளிக் கொட்டியிருக்கீரு. அதான் வேர் வெந்துபோச்சு."

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கோமதிநாயகம் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். பெருமாள் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். கிளம்பும்போது, தானாகவே நாலு மூட்டை எடுத்து வைக்கச் சொன்னார்.

அவர் போனதும் கோமதிநாயகம், "அப்படி என்னதான் சொன்னே?" என்றார்.

"ஒண்ணும் சொல்லல முதலாளி," என்றாள் முத்துப்பேச்சி. "கேட்டேன்."