இருவாச்சி வாசலை அடைத்த கதை

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இதில் ஒரு பறவையின் மானம் இருக்கிறது. நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் கேட்பவர்கள் அவளைப் பைத்தியக்காரி என்பார்கள். மெதுவாகவே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில், மலையில் எல்லா உயிர்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, இருவாச்சிப் பறவைகளுக்குச் சேர்ந்து வாழும் வழக்கமே இல்லை. ஆண் ஒரு பருவம் ஒருத்தியோடு இருப்பான். அத்திப்பழம் தீர்ந்ததும் அடுத்த காட்டுக்கு, அடுத்தவளிடம் போய்விடுவான். முட்டையிட்டவள் பசி தாங்காமல் இரை தேடப் போனால், மரநாய் மரப்பொந்தில் நுழைந்து முட்டையைத் தின்றுவிடும்.

ஒருத்திக்கு இரண்டு வருடம் தொடர்ந்து இப்படியே முட்டைகள் போயின. மறுபடி முட்டையிடும் நாள் நெருங்கியபோது, கலங்கிப்போய் ஒரு பாறை உச்சியில் உட்கார்ந்திருந்தாள். அங்கே ரங்கி என்ற பெண், கொடிக்கயிறு ஒன்றை மரத்தில் சுற்றி அதன் முனையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மறுமுனையில், பாதாளத்துக்கு மேலே தொங்கியபடி அவள் புருஷன் வெள்ளன் தேனடை அறுத்துக்கொண்டிருந்தான்.

"நீ கையை விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள் இருவாச்சி.

"விட்டா அவ்வளவுதான். எலும்பு பொறுக்கணும்."

"அவருக்குப் பயமில்லையா?"

கீழேயிருந்து வெள்ளன் கத்தினான்: "பயமில்லாமலா? தேனெடுக்க வர்ற அன்னிக்கு மட்டும் இவகிட்ட எதிர்த்துப் பேசவே மாட்டேன்!"

ரங்கி சிரித்தாள். பிடி மட்டும் தளரவில்லை. "வேற யார் பிடிச்சாலும் இவர் இறங்க மாட்டாரு. நானும் வேற யாருக்கும் பிடிச்சதில்ல."

கயிறு அழுத்திச் சிவந்திருந்த அந்தக் கைகளையே இருவாச்சி வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு பொந்துக்குள் போனாள். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து, உள்ளே இருந்தபடியே வாசலைப் பூசி அடைத்தாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டாள். பறக்க முடிந்தால் பசித்ததும் வெளியே போய்விடுவோமோ என்று அவளுக்குத் தன்மேலேயே பயம். அதனால் இறக்கையிலிருந்த இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கீறல் வழியே வெளியே தள்ளினாள்.

இறகுகள் சுழன்று விழுவதைப் பார்த்து, அந்தப் பருவம் அவளோடு இருந்த ஆண் பறந்து வந்தான். "என்ன காரியம் பண்ணினே புள்ளே! நான் இரை கொண்டு வராட்டி?"

"வராட்டி அவ்வளவுதான்."

மரநாய் வந்து பூச்சைச் சுரண்டிப் பார்த்தது. நகம்தான் உடைந்தது. அது ஆணைப் பார்த்து இளித்தது: "உனக்கென்ன மாப்பிள்ளை, அடுத்த மலையில அத்தி பழுத்துக் கிடக்கு. கிளம்பு. யார் கேட்கப் போறா?"

அவன் கிளம்பித்தான் போனான். அவனுடைய சிறகுச் சத்தம் தேய்ந்து மறைவதைக் காடே கேட்டது. குரங்குகள்கூட வாயை மூடிக்கொண்டன. உள்ளே, இருட்டில், அவள் அசையாமல் கிடந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் அந்தச் சத்தம் திரும்பி வந்தது. தொண்டை நிறைய அத்திப்பழம். ஒவ்வொன்றாக எடுத்துக் கீறலில் நீட்டினான். உள்ளிருந்து ஓர் அலகு வந்து வாங்கிக்கொண்டது. கடைசிப் பழத்தைக் கொடுத்த பிறகும் அவன் அலகைக் கீறலிலிருந்து எடுக்கவில்லை. இவ்வளவு பெரிய மலையில் ஓர் உயிர் தன் ஒருவனைப் பிடித்துத் தொங்குகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அன்று முதல்தான் இருவாச்சி ஒரே துணையோடு வாழ்கிறது. குஞ்சு வளரும்வரை அவள் உள்ளே, அவன் வெளியே. மரநாய்க்குப் பயந்து வாசலை அடைத்தவள், தன் உயிரைக் கொண்டுபோய் அவன் அலகில் வைத்தாள்.