புலிக்காகச் செய்த ஆயுதம்

ஒரு காட்டில், மலையிலிருந்து இறங்கி வரும் ஆற்றங்கரையில், மினுக்கி என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. பிடிவாதத்தில் அதை மிஞ்ச ஆளே இல்லை.

அந்தக் காட்டு ராஜாவான சிங்கத்துக்கு ஓயாத பயம் ஒன்று இருந்தது. மலைக்கு அப்பால் வாழும் புலி என்றைக்காவது படையெடுத்து வந்துவிட்டால்?

படைத்தலைவரான முள்ளம்பன்றி ஒரு வழி சொன்னது.

"அரசே! மலைக் குகையில் கதிர்க்கல் கிடைக்கிறது. நெருப்பே இல்லாமல் சுடும் கல். உடைத்து, கழுவி, உருட்டி வைத்தால் போதும். ஒரே உருண்டையில் புலியின் காடு சாம்பல்!"

சிங்கம் மீசையை முறுக்கிக்கொண்டது. வேலை தொடங்கியது. கல்லைக் கழுவிய தண்ணீரெல்லாம் ஆற்றில் விழுந்தது.

கொஞ்ச காலத்தில் மீன்கள் செத்து மிதந்தன. மான்கள் எலும்பும் தோலுமாயின. மினுக்கியின் குட்டிகளுக்கு ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பதறிப்போன மினுக்கி முள்ளம்பன்றியிடம் ஓடியது.

"ஆற்றைக் கெடுத்துவிட்டீர்களே!"

"தண்ணீர் நிறம் மாறியிருக்கிறதா?"

"இல்லை."

"நாற்றம் அடிக்கிறதா?"

"இல்லை."

"அப்புறம் என்ன? சுத்தமான தண்ணீர். ரோமம் போனால் குட்டிகளுக்குக் காற்றோட்டமாக இருக்கும், போ!"

"அப்படியானால் நீங்கள் ஒரு வாய் குடியுங்களேன்."

"எனக்கு ஜலதோஷம்" என்று முள்ளம்பன்றி அவசரமாகத் தும்மியது.

மினுக்கி விடவில்லை. நேரே சிங்கத்தின் சபைக்குப் போனது. அங்கே அழுத மான்களை எல்லாம் சிங்கம் உறுமியே விரட்டியிருந்தது. அதனால் மினுக்கி அழவில்லை, சிரித்தது.

"அரசே, அந்தப் புலி உங்களுக்கு மாலை போட வேண்டும்!"

"எனக்கா? எதற்கு?"

"படையெடுத்து வந்திருந்தால் அதற்கு எவ்வளவு சிரமம்! இப்போது அதன் நகம்கூடத் தேயவில்லை. வேலையை எல்லாம் நீங்களே முடித்துக் கொடுக்கிறீர்கள். மீன்கள் போயின. மான்கள் போகின்றன. அடுத்து உங்கள் பிடரிதான்."

சிங்கம் திடுக்கிட்டுப் பிடரியைத் தடவியது. ஒரு கொத்து மயிர் கையோடு வந்தது!

"குகையை மூடு!" என்று சிங்கம் போட்ட கர்ஜனையில் முள்ளம்பன்றி மூன்று குட்டிக்கரணம் அடித்தது.

"நாளைக்குள் ஆறு பழையபடி ஆக வேண்டும். இது என் கட்டளை!"

"குகை உங்கள் கட்டளையைக் கேட்கும், அரசே. ஆறு கேட்காது" என்றது மினுக்கி. இப்போது அது சிரிக்கவில்லை. "நஞ்சு சேற்றுக்குள் இறங்கிவிட்டது. உங்கள் பேரனுக்குப் பேரன் வந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். நல்ல தண்ணீர் இனி மலைக்கு அப்பால்தான்."

மினுக்கி குட்டிகளைக் கவ்விக்கொண்டு மலையைத் தாண்டிப் போனது. அங்கே ஒரு குட்டிக்கு ரோமம் திரும்ப முளைத்தது. மற்றதற்கு முளைக்கவே இல்லை.

மான்களும் பின்னாலேயே போயின. கடைசியில், நாக்கு வறண்டு, மூச்சு வாங்க, சிங்கமும் எல்லை வரை போய் நின்றது. தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"புலியாரே... குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?"

நீதி: பகைவனுக்காகச் செய்யும் நஞ்சை முதலில் குடிப்பவர்கள் நம் பிள்ளைகளே.