ஐலி அணைக்காத அடுப்பு

இந்தத் தேயில மிலாற அடுப்புக்கு ஒடிச்சுக்கிட்டே சொல்றேன், நீ கண்ண மூடிக்க ரேணு. மெதுவாத்தான் சொல்வேன். லயத்துச் செவரு மெல்லிசு, பக்கத்து வீட்டு அக்கா கேட்டாச் சிரிக்கும்.

ஒரு ஊர்ல ஒரு ஐலி இருந்தா. எந்த ஊரா? ஸ்காட்லாந்துன்னு, கடலுக்கு அந்தப் பக்கம். நம்ம தோட்டத்துக்குக் கிளெனார்டன்னு பேரு இருக்குல்ல, அது அவ ஊருப் பேருதான். அங்கேருந்து வந்த தொர வச்சது. மொட்ட மல, நடுவுல கறுப்பா ஒரு ஏரி, மேட்டுல கல்லுக்கோயிலு. காத்து விர்ருவிர்ருன்னு அடிக்குமா, மரமே நிக்காது. ஈரமண்ணக் கட்டிகட்டியா வெட்டிக் காயவச்சுத்தான் அடுப்பெரிப்பாங்க, அந்த ஊரு மண்ணு வெறகாட்டம் எரியும். ம் சொல்லு.

அங்க ஒரு வழக்கம். அடுப்புல கங்கு இருக்கற வரைக்கும் வீடு அவங்களோடது. அடுத்தவன் அணைச்சா அவன் வம்சமே வெளங்காதாம். ஐலி வீட்டுக் கங்கு அவ பாட்டி காலத்துலேருந்து அணையவே இல்ல.

அப்போ, ஊருக்குச் சொந்தக்காரத் தொரைக்கு ஆட்டு ஆச வந்துருச்சு. மனுசரத் தொரத்திட்டு ஆடு வளத்தா ரோமம் விக்கலாம்ல. அதே ஊர்க்காரன் ஒருத்தன் தொரைக்குக் கணக்கப்பிள்ள. அவன் வந்து, "அடுப்ப அணச்சிட்டுக் கப்பலேறுங்க"ன்னான். எல்லாரும் ஏறிட்டாங்க. ஐலி நகரல. போறவ ஒருத்தி கேட்டா, "ஏன்டி, அடுப்புக்கா வாக்கப்பட்ட?"

"ஆமாடி. அது என்ன வுட்டுட்டுக் கப்பலேறாது."

கணக்கப்பிள்ள கங்குல கை வைக்கல, வம்சப் பயம். "இனி மண்ணு வெட்டக்கூடாது, நெலம் ஆட்டுக்கு"ன்னுட்டுப் போனான். ஐலி உக்காருற பலகையச் சடசடன்னு ஒடிச்சுப் போட்டா. எரிஞ்சுது.

அப்புறம் ரெண்டாந்தரம் வந்தான். "இன்னும் பொகையுதா?"

"கண்ணு கரிக்கலையா ஒனக்கு?"

அன்னிக்குத் தொட்டில ஒடிச்சா. புள்ளையா? அவன் வளந்து மொதக் கப்பல்லயே போயிட்டான். ம்?

அப்புறம் போட எதுவுமே இல்ல. அண்ணாந்து பாத்தா. கூர உத்தரம். கடல்ல மெதந்து வந்தத அவ அப்பன் தோள்ல சுமந்துக்கிட்டு வந்தது. வீடு நெலைக்கணும்னுதான் நெனச்சா, பாவி. புல்லப் பிடுங்குனா, கம்ப உருவுனா, மடார்னு உத்தரத்தச் சாச்சா. தகதகன்னு எரிஞ்சுது.

விடிஞ்சப்போ மழ, நேரா கங்கு மேல. சொய்ய்ய்ங்.

மூணாந்தரம் கயித்தோட ஆறு ஆளக் கூட்டிக்கிட்டு வந்தான். மேல பாத்தான், வானம். "கூரைய இழுக்கல்ல வந்தேன்? நீயே எங்க வேலைய முடிச்சிட்டியே ஐலி!"

"அடுப்ப நீதான்டா அணைச்ச."

"நானா? ஒரு வெரல் வச்சேனா? வேணும்னா ஊர சாட்சிக்குக் கூப்புடு."

ஐலி வாசல்ல நின்னு கூப்புட்டா. ஏரிக்கரையிலேருந்து ஆடுங்க தலையத் தூக்கிப் பாத்துச்சு. மே...ன்னுச்சு. அவ்வளவுதான்.

ம் சொல்லலையே, தூக்கமா? கங்காணியா கூப்புடுறாரு? இந்தா வர்றேங்க! படு சாமி, கதையும் படுத்துருச்சு, இனி நீயும் தூங்கு.